அல்பே திரும்பாத வளைவு

அல்பேக்கு இந்த உலகத்துல தெரிஞ்ச திசை ரெண்டே ரெண்டு. ஒண்ணு, எங்க ஊரு சுபோட்டிட்சாலேர்ந்து பாலிச் ஏரிக்குப் போறது. இன்னொண்ணு, பாலிச் ஏரிலேர்ந்து சுபோட்டிட்சாவுக்கு வர்றது. மூணாவதா ஒரு திசை இருக்குன்னு சொன்னா, "அங்க யாரு இறங்கப் போறா?"ன்னு கேப்பான். அவன் கல்யாணத்தன்னிக்கு வீட்டுலேர்ந்து சர்ச்சுக்கு நடந்தே போனான், அதுவும் டிராம் தண்டவாளத்து மேலயே. சர்ச் வந்துச்சு. தண்டவாளம் திரும்பல, அதனால அவனும் திரும்பல. மாமனாரு கோட்டும் தொப்பியுமா பின்னாடியே ஓடி, மாட்டுச்சந்தை வரைக்கும் போயிட்டவனைத் தோளைப் புடிச்சுத் திருப்பிக் கூட்டியாந்தாரு. அதுக்குள்ள பாதிரியார் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுத்து, ஒரு கிழவரை அடக்கமும் பண்ணிட்டு, மாப்பிள்ளை எங்கடான்னு உக்காந்திருந்தாரு.

லாய்ச்சோ, அதான் நான், கூட்டிச் சொல்றேன்னு அவன் பொண்டாட்டி வெரோனா சொல்லுவா. மாட்டுச்சந்தை வரைக்கும் இல்லையாம், ரெண்டு தெருதானாம். சரி, ரெண்டு தெருன்னே வெச்சுக்குங்க. கட்டிக்கிட்டவ அவ, அவளுக்குத் தெரியாதா?

அல்பே குயுண்ஜிச், அதான் அவன் முழுப்பேரு, டிராம் டிரைவர். நான் அதே வண்டில கண்டக்டர். அவன் முன்னாடி நிப்பான், நான் பின்னாடி டிக்கெட் கிழிப்பேன். அவன் மூஞ்சியை வெரோனா பாத்ததை விட, அவன் முதுகை நான் பாத்தது அதிகம். நல்ல முதுகு அது. கதவு மாதிரி. அவன் நின்னான்னா முன்னாடி ஊரே தெரியாது. மழை பெஞ்சா அவன் பின்னாடி நாலு பேரு ஒதுங்கிக்கலாம்.

டிராம் ஓட்டுறது பஸ் ஓட்டுற மாதிரி இல்ல. இடது கை பித்தளைக் கைப்பிடில. அதைச் சுத்தினா வண்டி போகும். வலது கை பிரேக் சக்கரத்துல. அதை முறுக்கினா நிக்கும். வலது கால் மணி மேல. மிதிச்சா டங்கு டங்குன்னு ஊரே ஒதுங்கும். போ, நில்லு, மணியடி. இதுல திருப்புற வேலைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. வளைவு வந்தா தண்டவாளம் பாத்துக்கும். யாராச்சும் குடிச்சிட்டு வந்து, "அல்பே, கொஞ்சம் இடது பக்கம் திருப்பி என் வீட்டு வாசல்ல விட்டுடு"ன்னு வம்புக்கு இழுத்தா, அவன் சிரிக்காம சொல்லுவான்: "திருப்புறதெல்லாம் நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே திருப்பியாச்சு. என்னைக் கேக்காதே."

வெரோனாவைப் புடிச்சதே அந்த மணியாலதான். சந்தைக்குப் போக ரெண்டு பெரிய வாத்தை ரெண்டு கக்கத்துலயும் இடுக்கிக்கிட்டு, பாதி வழில ஒரு நிறுத்தத்துல ஏறுவா. ஒரு நாள் அவ வயல் வரப்புல ஓடி வர்றதைப் பாத்துட்டு இவன் வண்டியை நிறுத்திட்டான். அவ வர்ற வரைக்கும் மணியடிச்சுக்கிட்டே நின்னான். பின்னாடி வண்டி, அதுக்குப் பின்னாடி வண்டின்னு தலைநகரம் பெல்கிரேடு வரைக்கும் எல்லாம் நின்னுபோச்சு.

ஏறினவ மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டா: "என்ன மணிக்காரரே, நான் என்ன பிஷப்பா? எனக்கு எதுக்கு இவ்ளோ மணி?"

இவன் காது வரைக்கும் செவந்து, "வாத்துக்குத்தான் அடிச்சேன்"ன்னான்.

"அப்ப வாத்தையே கட்டிக்கோ"ன்னா அவ.

அந்த ரெண்டு வாத்துல ஒண்ணைத்தான் கல்யாணத்துல அறுத்தாங்க. கால் எனக்கு வந்துச்சு. அதுலேர்ந்து அவ அவனை 'மணிக்காரரே'ன்னேதான் கூப்பிடுவா. திட்டுறப்பவும் அதுதான், கொஞ்சுறப்பவும் அதுதான். வெளிலேர்ந்து கேக்குறவனுக்கு எது எதுன்னு தெரியாது.

இப்படியே அவன் காலம் போயிருக்கும். போகல. ஏன்னா அவன் கையைத் தூக்கிட்டான்.

எங்க நாட்டுல அப்ப கம்பெனிக்கு முதலாளி தொழிலாளிங்கதான். எதுவா இருந்தாலும் கூட்டம் போடணும், கை தூக்கணும். பூட்ஸ் வாங்கணுமா, கூட்டம். பல்பு மாத்தணுமா, கூட்டம். நாற்காலி இருக்கிற இடம் சாப்பாட்டு ரூம் ஒண்ணுதான், அதனால கூட்டம் அங்கதான். அதே ரூம்ல அடுப்பு. அடுப்பு மேல சமையக்காரி ரோசாலியாவோட அண்டா. அண்டாக்குள்ள பீன்ஸ் குழம்பு, புகை போட்ட பன்னி விலா எலும்போட, மிளகாப்பொடி செவப்புல கொதிச்சுக்கிட்டிருக்கும். கடைசித் தீர்மானம் நிறைவேறின அப்புறம்தான் மூடியைத் திறக்கணும்னு ஒரு வழக்கம். யாரு வெச்சதோ, பெரிய மூளைக்காரன். எங்க கம்பெனில ஒரு தீர்மானம் கூடத் தோத்ததா சரித்திரமே இல்ல. "டிராமை நிலாவுக்கு விடலாமா தோழர்களே?"ன்னு கேட்டிருந்தாலும் கை எல்லாம் மேல போயிருக்கும். "நிலால நிறுத்தம் எங்கே?"ன்னு ஒருத்தன் கேட்டான்னு வைங்க, பக்கத்துல இருக்கிறவன் வாயைப் பொத்தியிருப்பான்.

அந்த இலையுதிர் காலத்துக் கூட்டத்துல தலைவர் காஷ்பர் பேசிக்கிட்டே போறாரு. கண்ணாடி போட்ட ஒல்லி மனுசன், நல்லவருதான். சாக்கடை அடைப்பு, கை தூக்குங்க. புதுத் தொப்பி, கை தூக்குங்க. ரோசாலியா கரண்டியால மூடியை லேசா நகத்தி உப்பு பாத்தா. வாசனை வந்துச்சு பாருங்க, செத்தவன் எந்திரிச்சு தட்டைத் தேடுவான். அல்பே கண்ணு அண்டா மேலதான் இருந்துச்சு. காஷ்பர் என்னமோ நீளமா சொன்னாரு. நவீனம், செலவு, மக்கள், எதிர்காலம். "ஆதரிக்கிறவங்க?" எல்லாக் கையும் மேல. அல்பே கை எல்லாத்துக்கும் மேல, ஏன்னா கையே அவ்வளவு நீளம்.

"ஏகமனதா நிறைவேறுச்சு. வர்ற வசந்தத்தோட டிராம் நிக்குது. பஸ் வருது. ரோசாலியா, மூடியைத் திற."

அல்பே ரெண்டு தட்டு சாப்பிட்டான். மூணாவது தட்டுக்குப் போறப்பத்தான் என்கிட்ட வந்து குனிஞ்சு கேட்டான்: "லாய்ச்சோ, கடைசியா என்னத்துக்குடா கை தூக்கினோம்?"

சொன்னேன். தட்டை வெச்சுட்டான்.

அன்னிக்குச் சாயங்காலம் அவன் வீட்டுல வெரோனா கேட்டது தெருவுக்கே கேட்டுச்சு. "உன்னைத் தூக்குல போட ஆதரவா எதிர்ப்பான்னு கேட்டா, அதுக்கும் தூக்குவியா மணிக்காரரே?"

"எல்லாரும் தூக்கினாங்க வெரோனா."

"எல்லாரும் சின்னப் பசங்க! நாளைக்கே பஸ் ஓட்டுவானுங்க. நீ என்ன பண்ணுவ? சைக்கிள் ஓட்டத் தெரியுமா உனக்கு? படுக்கைல புரண்டு படுக்கத் தெரியுமா? படுத்த பக்கமே எந்திரிக்கிற ஆளு நீ!"

விஷயம் இதுதான். பஸ் பரிட்சைல தேறினா அவன் டிரைவர். இல்லன்னா பின்கட்டுல பஸ் கழுவுற வேலை. யாரையும் வேலைலேர்ந்து எடுக்க மாட்டாங்க, அந்த மட்டும் நல்ல கம்பெனி. ஆனா அல்பே என்கிட்டச் சொன்னான்: "நான் பாலிச் ரோட்டு டிரைவர்டா. அதை எடுத்துட்டா என்கிட்ட என்ன மிச்சம்? முதுகுதான் மிச்சம்."

மாட்டுச்சந்தை மைதானத்துல பழகக் குடுத்தாங்க. பரிட்சை அதிகாரி இன்ஜினியர் வித்தோமிர்தான் சொல்லிக் குடுக்கிறதும். பேசினா பூவுக்குக் கூட வலிக்காது, அப்படி ஒரு மனுசன். முதல் நாள் அல்பே பஸ்ஸுல ஏறி உக்காந்தான். உக்கார்றதே அவனுக்குப் புதுசு. அத்தனை வருசமும் நின்னே ஓட்டினவன். வண்டி கிளம்புச்சு. நேராப் போச்சு. மைதானம் முடிஞ்சுது, வண்டி முடியல. வித்தோமிர் எட்டி பிரேக்கை மிதிச்சாரு. வேலிக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு கோழிக்குஞ்சு நுழையாது.

"தோழர் அல்பே, அங்க திருப்பியிருக்கணும்."

"எப்போ?"

"வேலி வந்தப்போ."

"வேலி வந்துச்சு, பாத்தேன்"ன்னான் அல்பே, ரொம்ப மரியாதையா.

அந்தக் குளிர்காலம் பூரா வெரோனா அவனை அடுப்படில உக்கார வெச்சா. கைல மாவு சலிக்கிற பெரிய சல்லடை. அதுதான் ஸ்டீயரிங். அவ முன்னாடி நின்னு மாவு பிசைஞ்சுக்கிட்டே கத்துவா: "இடது! வலது! வளைவு! மாடு! நில்லு! யோவ், பாட்டியைக் கொன்னுட்ட, திரும்பவும் ஆரம்பி!" நான் போறப்பல்லாம் பயணி வேலை எனக்கு. பெஞ்சுல உக்காந்து, "ஹோல்டான்"ம்பேன். கசகசா ரோல் ஒரு துண்டு கிடைக்கும். அந்தக் குளிர்காலத்துல நான் ஏறின எடை இன்னும் இறங்கல. அல்பே ராத்திரி தூங்குறப்பவும் கை ரெண்டும் போர்வை மேல திருப்பிக்கிட்டே இருக்கும்னு வெரோனா சொன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா மாவைப் பாத்துக்கிட்டே சொன்னா.

கத்துக்கிட்டான்யா. நிஜமா கத்துக்கிட்டான். மைதானத்துல எட்டு போட்டுக் காமிச்சான். எல்லாரும் கை தட்டினோம்.

முதல் பரிட்சை நல்லாத்தான் போச்சு, குறுக்கால ஒரு வாத்துக் கூட்டம் வர்ற வரைக்கும். வாத்துன்னா அவனுக்கு ஒரு பழக்கம், தெரியுமில்ல? வலது காலால மணியை மிதிச்சான். பஸ்ஸுல வலது காலுக்குக் கீழ மணி இல்ல. வேகம் இருக்கு. மிதிச்சான், மணி அடிக்கல. இன்னும் பலமா மிதிச்சான். வாத்தெல்லாம் பறந்துபோச்சு. வளர்த்த வாத்து அவ்வளவு உசரம் பறக்கும்னு அன்னிக்குத்தான் ஊருக்குத் தெரிஞ்சுது. பஸ் போய் ஒரு வைக்கோல் போர்ல மூக்கைச் சொருகிக்கிட்டு நின்னுது.

வித்தோமிர் தலைல இருந்த வைக்கோலைத் தட்டிக்கிட்டே சொன்னாரு: "இன்னும் ஒரே ஒரு வாட்டி தர்றேன், தோழர் அல்பே. அதுக்கு மேல என் கைல இல்ல."

நடுவுல டிராமோட கடைசி நாள் வந்துச்சு. பூ கட்டினாங்க, பேண்டு வாசிச்சாங்க, பேசினவங்க எல்லாம் சுருக்கமா பேசுறேன்னு சொல்லி மத்தியானம் வரைக்கும் பேசினாங்க. வண்டில சுபோட்டிட்சா ஜனம் பூரா ஏறிடுச்சு. கூரை மேல ஒரு கிளாரினெட்காரன் படுத்துக்கிட்டே வாசிச்சான். நான் யாருக்கும் டிக்கெட் கிழிக்கல, கையை அசைக்க இடமில்ல. அல்பே ஓட்டினான். ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்கல. டிப்போவுல நிறுத்தினதும் பித்தளைக் கைப்பிடியைக் கழட்டி காஷ்பர் கைல குடுத்தான். எல்லாரும் எதையாச்சும் தூக்கிட்டுப் போனாங்க. மணிக்கயிறு, பலகை, சீட்டுப் பட்டை. ஒருத்தன் கதவையே தூக்கிட்டுப் போயி கோழிக்கூண்டுக்குப் போட்டான். அல்பே ஒண்ணும் எடுக்கல.

"ஏன்டா, மணியையாச்சும் எடுத்துக்கயேன்"ன்னேன்.

"எதுக்கு? எனக்குப் பரிட்சை இருக்கு"ன்னான்.

அப்பக் கூட அவனுக்கு நம்பிக்கை இருந்துச்சு. அதைத்தான் என்னால இன்னிக்கும் தாங்க முடியல. ஒருத்தன் தோப்பான்னு நமக்குத் தெரிஞ்சு, அவனுக்குத் தெரியலன்னா, அவன்கிட்ட எந்த ஜோக்கைச் சொல்றது?

இல்ல, பொய் சொல்லக் கூடாது. அன்னிக்கு எனக்கும் தெரியல. நானும் அவன் தேறுவான்னுதான் நெனச்சேன்.

ரெண்டாவது பரிட்சைக்கு மொத நாள் வித்தோமிர் கேட்டாரு: "தோழர் அல்பே, உங்களுக்கு எந்த ரோடு வசதி? நீங்களே சொல்லுங்க. அந்த அளவுக்கு என்னால செய்ய முடியும்."

"பாலிச் ரோடு"ன்னான் அல்பே. யோசிக்கவே இல்ல.

வித்தோமிருக்குச் சந்தோசம். எனக்கும் சந்தோசம். சொந்த ரோடு, கண்ணைக் கட்டிட்டு ஓட்டுவான். வீட்டுல போய்ச் சொன்னா வெரோனா கைல இருந்த தட்டைத் துடைக்கிறதை நிறுத்திட்டா.

"அங்க வேணாம்ய்யா."

"ஏன்டி? எனக்குத் தெரிஞ்ச ரோடு."

"அதுதான் வேணாங்கிறேன். மாட்டுச்சந்தைல கேளு. இல்ல, செகெட் ரோட்டுல கேளு. நீ வாழ்க்கைல பாக்காத ரோடா பாத்துக் கேளு. பாலிச் ரோட்டை நீ ஓட்ட மாட்ட. அதுதான் உன்னை ஓட்டும்."

"லாய்ச்சோ, இவ பேசுறது உனக்குப் புரியுதா?"

"பொம்பளைங்க பேசுறது பாதிரியாருக்கே புரியாது"ன்னேன் நான். தட்டு என் தலைக்கு மேல பறந்து போச்சு. நல்ல தட்டு, உடையல.

காலைல அவ அவன் கோட்டுப் பையில ஒரு துண்டு கசகசா ரோல் வெச்சு அனுப்பினா. "மணிக்காரரே, திருப்பு. எது வந்தாலும் திருப்பு. வளைவு இல்லாட்டியும் கொஞ்சம் திருப்பிக்கிட்டே இரு"ன்னா. அவன் தலையை ஆட்டினான்.

பஸ் புத்தம் புதுசு. பெயின்ட் வாசனை போகல. வித்தோமிர் பக்கத்துல, நான் பின் சீட்டுல. டவுனுக்குள்ள அல்பே ஓட்டினதைப் பாத்திருக்கணும் நீங்க. டவுன்ஹால் பக்கம் இடது. சந்தைக்கிட்ட வலது. ஒரு பால்காரக் கிழவி நடுரோட்டுல கேனை வெச்சுட்டு ஊர் வம்பு பேசிக்கிட்டிருந்தா. அவளைச் சுத்தி வளைச்சுப் போனான், கேன்ல ஒரு சொட்டு அசையல. வித்தோமிர் என் பக்கம் திரும்பி கண்ணைச் சிமிட்டினாரு. நான் மனசுக்குள்ள சாராய பாட்டிலைத் திறந்துட்டேன்.

டவுனுக்குள்ள அதுக்குள்ள தண்டவாளத்தைப் பேத்துட்டாங்க. பாலிச் ரோட்டுல இன்னும் பேக்கல. கல்லு பாவின ரோட்டுல ரெண்டு கோடும் வெயில்ல மின்னிக்கிட்டுப் போகும், ஏரி வரைக்கும், வேலமரத்துக்கு நடுவுல. வேலம்பூ பூத்திருந்த சமயம்.

பஸ் அந்தக் கோட்டு மேல ஏறுச்சு. கீழேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு, இரும்போட சத்தம், உள்ளங்கால் வழியா ஏறி வர்றது. எனக்கே தெரிஞ்சுது. அவனுக்குத் தெரியாம இருக்குமா? அவன் முதுகைத்தான் நான் பாத்துக்கிட்டிருந்தேன், எப்பவும் போல. அது வரைக்கும் விறைச்சுக்கிட்டு நின்ன அந்தக் கதவு, அப்படியே தளர்ந்துச்சு. தோள் இறங்குச்சு. பல மாசமா அந்த ஆளு மூச்சே விடாம இருந்து, இப்பத்தான் விட்ட மாதிரி இருந்துச்சு. இடது கை ஸ்டீயரிங்கை விட்டு, பித்தளைக் கைப்பிடி இருக்கிற இடத்துல போய் காத்துல நின்னுது. வலது கையும் விட்டுடுச்சு.

பாட்டு பாடினான். அல்பே பாடி நான் கேட்டதே இல்ல. மோசமான குரல்.

இஸ்மெட்டோட ஐஸ்கிரீம் கடைகிட்ட ஒரு வளைவு. தண்டவாளம் அங்க வலது பக்கம் திரும்பும்.

"தோழர் அல்பே, திருப்புங்க"ன்னாரு வித்தோமிர்.

அல்பே அவரைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான். சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னான்:

"பயப்படாதீங்க. அதுவே திரும்பும்."

தண்டவாளம் திரும்புச்சு. பஸ் திரும்பல.

யாருக்கும் அடி இல்ல, கடவுள் புண்ணியம். கடை அப்பத்தான் திறந்து, இஸ்மெட் உள்ள ஐஸ்கிரீம் கிண்டிக்கிட்டிருந்தான். பஸ் முன் சுவரோட உள்ள வந்ததுல அவன் வெனிலாவுல முங்கி எந்திரிச்சான். மீசைலேர்ந்து சொட்டுது. "வரிசைல வாங்கடா!"ன்னு கத்தினான். பழக்க தோசம். ஊர் நாயெல்லாம் வந்துடுச்சு. ஹங்கேரிலேர்ந்து கூட எல்லை தாண்டி நாய் வந்துச்சு, நான் எண்ணல.

அல்பே மட்டும் சீட்டுலேர்ந்து எந்திரிக்கல. வலது கால் மெதுவா தரையை மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு. டப். டப். டப். வண்டி அசம்பாவிதமா நின்னா மணியடிச்சுக்கிட்டே இருக்கணும், பின்னாடி வர்ற வண்டிக்குத் தெரியணும். அதுதான் விதி. பின்னாடி ஒரு வண்டியும் வரல.

வித்தோமிர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, திரும்பவும் கழட்டினாரு. "என்னை மன்னிச்சிடுங்க தோழர் அல்பே. தேறலன்னு நான் எப்படிப் போடுவேன்... எந்தக் கையால போடுவேன்..."

"நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னான் அல்பே. கோட்டுப் பையிலேர்ந்து கசகசா ரோலை எடுத்து அவருக்குப் பாதி குடுத்தான். நசுங்கிப் போயிருந்துச்சு. ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க.

பின்கட்டுல ரப்பர் பூட்ஸும் தண்ணிக் குழாயும் குடுத்தாங்க. நல்லா கழுவினான். குத்தம் சொல்ல முடியாது. சின்ன டிரைவருங்க வண்டியைக் கொண்டாந்து விடுறப்ப, "அல்பே மாமா, துணியால துடைக்கணுமா, இல்ல அதுவே துடைச்சுக்குமா?"ம்பானுங்க. அந்த வார்த்தை ஊர் பூரா போயிடுச்சு. குழந்தை அழுதா, 'அதுவே நிக்கும்'. கூரை ஒழுகினா, 'அதுவே அடைச்சுக்கும்'. ஒருத்தன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனப்பக் கூட இதைத்தான் சொன்னானுங்க. மொத வாரம் அல்பேயும் கூடச் சேர்ந்து சிரிச்சான். அப்புறம் சிரிக்கல, கோவமும் படல. கேக்காத மாதிரி தண்ணியைப் பீச்சிக்கிட்டிருந்தான்.

வெரோனா அவனை 'மணிக்காரரே'ன்னு கூப்பிடுறதை விட்டுட்டா. 'அல்பே'ன்னு பேரு சொல்லிக் கூப்பிட்டா, நல்ல மாதிரியா, குரலைத் தாழ்த்தி. திட்டுறதையும் நிறுத்திட்டா. "ஏன் வெரோனா, அவனை ரெண்டு திட்டு திட்டேன்"ன்னு சொன்னேன். "எதுக்கு லாய்ச்சோ? அவனைத் திருப்பவா?"ன்னா.

அடுத்த இலையுதிர் காலத்துல திரும்பவும் கூட்டம். அதே ரூம், அதே அண்டா, ரோசாலியா உப்பு பாக்குறா. காஷ்பர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, அல்பே உக்காந்திருந்த மூலைப் பக்கம் பாக்காம சொன்னாரு: "கடைசித் தீர்மானம். பாலிச் ரோட்டுல மிச்சம் இருக்கிற தண்டவாளம். சமீபத்துல... எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த விபத்தை முன்னிட்டு, போக்குவரத்துப் பாதுகாப்புக்காக, அதைப் பேத்துட்டு தார் போட்டுடலாம். ஆதரிக்கிறவங்க?"

கை எல்லாம் மேல போச்சு. நான் மூலையைப் பாத்தேன். அல்பே ரெண்டு கையையும் தொடைக்கு அடில வெச்சு, அது மேல உக்காந்திருந்தான். ஓடிப் போயிடுமோங்கிற மாதிரி.

"ஏகமனதா நிறைவேறுச்சு"ன்னாரு காஷ்பர்.

"நான் தூக்கல"ன்னு எந்திரிச்சான் அல்பே.

எல்லாத் தலையும் மூலைப் பக்கம் திரும்புச்சு. அண்டா கொதிச்சுக்கிட்டே இருந்துச்சு.

"நான் தூக்கல, தோழர் தலைவர். நல்லாப் பாத்துக்குங்க."

யாராச்சும் கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒருத்தனும் கத்தல. எங்க கம்பெனில முதல் தடவையா ஒருத்தன் எதிர்த்திருக்கான். மூடியைத் திறக்கலாமா கூடாதான்னு ரோசாலியாவுக்கே தெரியல. கரண்டியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா.

காஷ்பர் மெதுவா சொன்னாரு: "தெரியும் அல்பே. பாத்தேன். உக்காரு. நீ ஒருத்தன் தூக்கலன்னாலும் அது நிறைவேறினதுதான். குழம்பு ஆறிடும், சாப்பிடு."

மூடி திறந்துச்சு. அல்பே வரிசைல வந்து நின்னான். ரோசாலியா அவன் தட்டுல பெரிய எலும்பாப் பாத்துப் போட்டா. சாப்பிட்டான். ரெண்டு தட்டு.

பேத்துட்டாங்க. தண்டவாளம் கிடந்த இடத்துல தார் ஊத்தினாங்க. பழைய கல்லுக்கு நடுவுல அது கறுப்பா, ரோட்டுக்கு நடுவுல ஒரு நாடா விரிச்ச மாதிரி போகும், ஏரி வரைக்கும். அந்த நாடா மேலதான் அல்பே தினம் வேலைக்கு வருவான், போவான். ஓரத்துல நடக்க மாட்டான். பஸ்ஸுல ஏற மாட்டான். "ஏன்டா, நம்ம பஸ்ஸுதானே, நான்தானே கண்டக்டர், ஏறு"ன்னு படிக்கட்டுலேர்ந்து கத்துவேன். கேக்காது அவனுக்கு.

போன பனிக்காலத்துக்கு முந்தின பனிக்காலம், காலைல பஸ்ஸுல போயிக்கிட்டிருக்கோம். ஓட்டுறவன் புதுப் பையன், நோவி சாட்காரன், ஊர்ல யாரையும் தெரியாது. இஸ்மெட்டோட புதுக் கடைக்கிட்ட நடுரோட்டுல ஒரு பெரிய முதுகு போகுது.

டிரைவர் ஹாரன் அடிச்சான். முதுகு நகரல.

"யோவ் கிழவா! நகருய்யா! செவிடா?"

"தம்பி, அவன் நகர மாட்டான்"ன்னேன். "பழைய டிராம் நிறுத்தம் வந்தா அவனே ஒதுங்கிக்குவான். அது வரைக்கும் கொஞ்சம் பின்னாடியே மெதுவாப் போ."

"எவ்ளோ தூரம்?"

"கிட்டதான்."

பயணிங்க முணுமுணுத்தாங்க. ஒரு பொம்பளை வேலைக்கு லேட்டாகுதுன்னா. வாஸ்தவம்தான், எல்லாருக்கும் வேலை இருக்கு. பையன் கொஞ்ச தூரம் பொறுத்தான். நல்ல பையன்தான். அப்புறம் தோளைக் குலுக்கிட்டு ஸ்டீயரிங்கை லேசா இடது பக்கம் திருப்பினான், திரும்ப வலது பக்கம் கொண்டாந்தான். அவ்வளவுதான். அல்பேயைச் சுத்தி வளைச்சுக்கிட்டுப் போயிட்டோம். ஒரு நிமிசம் கூட ஆகல.

பின் கண்ணாடி வழியா பாத்தேன். வண்டிலேர்ந்து முதல் தடவையா அவன் முதுகு இல்ல, மூஞ்சி தெரிஞ்சுது. அதுவும் ரொம்ப நேரமில்ல, பனி மூட்டம் மறைச்சிடுச்சு.